உங்கள் வலது முழங்கால்

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் இன்றைக்கு என் முட்டிவலிக்கென்று கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஆள் படம். படியில் ஒற்றைக் காலால் நின்று, முட்டியை மடக்கி மெதுவாகக் கீழே இறங்குகிறான். பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், "அஞ்சு எண்ணிக்கிட்டே இறங்குங்கம்மா. அவசரமே படக்கூடாது. மூணு மாசம் விடாம செஞ்சா வலி கொறஞ்சிரும்" என்றாள். "இதையேதான் எங்க வீட்டுக்காரருக்கும் சொன்னாங்க" என்றேன். "அப்படியா, அவருக்குச் சரியாயிருச்சாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். பாவம், அவள் என்ன செய்வாள். தாளை மடக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வந்த கையோடு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்த காலத்தில் ஒரு கடுதாசி போட்டவள் இல்லை நான். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மனுஷனுக்கு என்ன கடுதாசி? ஆனால் உங்களிடம் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. அதை இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

உங்களுக்கு வலித்த இடத்தை இப்போதும் விரல் வைத்துக் காட்டுவேன். வலது கால், முட்டிச் சில்லுக்கு நேர் கீழே. கல்யாணத்துக்கு முன்னால் கபடி ஆடிய கால். பிறகு கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு வாய்க்கால் தாவிய கால். "சுத்திப்போனா கிரீடம் எறங்கிருமா?" என்று நான் கத்துவேன். "வாய்க்கா என்ன கடலா புள்ள?" என்று சொல்லிக்கொண்டே தாவுவீர்கள். ஒரு வருஷம் தை அறுப்பில் கீழே குந்தியவர் எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்தீர்கள். தெருவே பார்த்தது. உங்களுக்கு மானம் போய்விட்டது.

முதலில் போனது பேராவூரணிப் பக்கத்து வைத்தியரிடம். உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, இறுக்கிக் கட்டிவிட்டு, "நாப்பது நாள் தண்ணி படக்கூடாது" என்றார். நெல்லு வயல்காரனிடம் சொல்கிற பேச்சா அது? தென்னந்தோப்பில் இருப்பவருக்கு நம் சேறு எங்கே தெரியும்! பத்து நாளில் கட்டு நாறிப்போய் நீங்களே அரிவாளால் அறுத்து எறிந்தீர்கள். கட்டு இருந்தவரைக்கும் வலி இல்லைதான். நடக்காமல் கிடந்தால் யாருக்கு வலிக்கும்? அடுத்து நான் நாகூருக்குப் போய் வேண்டிக்கொண்டு எண்ணெய் வாங்கிவந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தூங்கிப்போவீர்கள். விடிந்தால் அதே வலி.

சித்திரையில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. "இது நரம்பு இல்லப்பா. சதைய எலும்போட சேத்துக் கட்டியிருக்கிற நாண். கயிறு மாதிரி. அது நைஞ்சு போயிருக்கு. கொஞ்சங் கொஞ்சமா பாரம் குடுத்துத்தான் திரும்பவும் பலமாக்கணும்." ஊசி கிடையாதா என்று கேட்டேன். "ஊசி போட்டா வலி நிக்கும்மா. நாண் இன்னும் பலம் கெட்டுப்போவும். அறுந்தாலும் அறுந்துரும்" என்றார். வெளியே வந்ததும், மாத்திரைகூட எழுதாதவர் என்ன டாக்டர் என்று திட்டித் தீர்த்தேன். நீங்கள்தான், "அவரு சொன்னது எனக்குப் புரிஞ்சுது புள்ள. வைக்கப்பிரி திரிக்கிறவனுக்குக் கயிறு தெரியாதா?" என்றீர்கள்.

சொன்னபடியே செய்தீர்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதம். காய்ந்து கிடந்த படித்துறையில் காலையிலும் சாயங்காலமும் ஒற்றைக் காலால் இறங்குவீர்கள். உங்கள் சேக்காளிகள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, "என்ன மாப்ள, டான்ஸ் கிளாஸா?" என்று கேலி செய்வார்கள். "ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள எனக்குக் கால் வந்துரும், பாருங்கடா" என்பீர்கள். வைகாசி முடிவதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். குணமாகிக்கொண்டு வந்தது. உண்மையாகவே குணமாகிக்கொண்டு வந்தது!

அப்போதுதான் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. குடவாசல் பக்கம் நாம் பயிர் வைத்திருந்த ஆறு மா, அந்த ரெண்டு ஏக்கர், உங்கள் அப்பா காலத்திலிருந்து குத்தகை. உழுதவனுக்கே நிலம் என்று ஊர்ச்சுவர் முழுக்க எழுதியிருக்கும். ஆட்சி மாறும்போதெல்லாம் பண்ணை வீட்டு வாசலில் கொடியும் மாறும். பண்ணைக்காரர் மட்டும் மாறமாட்டார். அவர் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு ரெவின்யூ கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். குத்தகைதாரர் கால் முடங்கி வீட்டில் கிடக்கிறார், நிலத்தில் உழைப்பதில்லை, ஆகையால் நிலம் தன்னிடம் திரும்ப வரவேண்டும் என்று. அவருக்காக நிலத்தைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டு நம் வாசலில் நின்று சொன்னான்: "சட்டம் அப்பிடி. குத்தகைக்காரன் தன் ஒடம்பால பாடுபடணும். நடவு அன்னிக்கு அதிகாரி வந்து பாப்பாரு." நம்முடைய விவசாயச் சங்கத்துக்காரரைக் கேட்டால் அவரும், "அந்த ஒரு நாள் எப்பிடியாச்சும் வயல்ல நின்னுடுப்பா" என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் அதுதான் சட்டம் என்று நம்பினோம்.

நடவுக்கு மூன்று வாரம் இருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் ஆவும் புள்ள, அதுக்கப்பறம் ஓடவே செய்வேன்" என்று நீங்கள் சொன்னீர்கள். "ரெண்டு மாசத்துல வயலு இருக்குமா? ஊசியப் போட்டுக்கிட்டு வந்து நில்லுங்க" என்று நான்தான் கத்தினேன். அந்த டாக்டர் வேண்டாம் என்றாரே என்று தயங்கினீர்கள். "அந்த டாக்டரா வந்து நம்ம நெலத்தக் காப்பாத்தப் போறாரு?" என்று கேட்டேன். இதைக் கேட்ட வாய் இன்னும் சோறு தின்கிறது.

டவுனில் ஒரு கிளினிக்கில் முட்டிக்குக் கீழே ஊசி போட்டார்கள். மறுநாளே மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டினீர்கள். "பாருங்க, எம் பேச்சக் கேட்டதுல என்ன கெட்டுப்போச்சு" என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். பத்து நாளில் வலி திரும்பியது. நடவுக்கு நாலு நாள் முன்னால் இன்னொன்று போட்டோம். அதற்கும் நான்தான் கூட வந்தேன்.

குறுவை நடவு அன்று ஜீப்பில் வந்தார் அதிகாரி. வி.ஏ.ஓ. குடை பிடித்தார். நான் மற்றப் பெண்களோடு குனிந்து நட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். வரப்போடு வந்திருக்கலாம். அதிகாரி பார்க்கிறார் என்று வாய்க்காலைத் தாவினீர்கள். ஓலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விழுந்த உங்களால் காலை நீட்ட முடியவில்லை. முட்டிச் சில்லு தொடைப் பக்கம் ஏறியிருந்தது. நான் சேற்றுக் கையோடு ஓடிவந்தேன். "இந்தம்மா யாருய்யா?" என்று அதிகாரி கேட்டார். "அவரு சம்சாரம் சார்" என்றார் வி.ஏ.ஓ. "ஓரமா நிக்கச் சொல்லு" என்றார் அதிகாரி. நின்றேன். குத்தகைதாரர் உழைக்கும் நிலையில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

வாய்தா முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். தீர்ப்பும் பாதகமாக வந்தது, நாள் கடந்து செய்த ஆபரேஷனில் காலும் முழுசாக நீளவில்லை. நிலத்தை வேறு ஆளுக்கு விட்டார்கள். அதே ஆறு மாவில் நான் கூலிக்கு நடவு நட்டேன். நீங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு ரோட்டில் நின்று பார்ப்பீர்கள். அந்தப் பார்வையை வாய்விட்டுத் திட்டாமல் எத்தனை வருஷம் பொறுத்தேன் தெரியுமா? "என்னய ஊசி போடச் சொன்னது நீதானே" என்று ஒரு நாளாவது நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவே இல்லை.

இனி நான் மறைத்தது. நம் மகள் பரீட்சை எழுதித் தாலுகா ஆபீஸில் சேர்ந்தாள் இல்லையா? ஒரு நாள் குத்தகைச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினாள். குத்தகைதாரர்தான் உழைக்க வேண்டும் என்று அதில் இல்லையாம். அவர் குடும்பத்தில் யார் அந்த நிலத்தில் உடம்பால் உழைத்தாலும் அது அவர் உழைத்த கணக்குத்தானாம். "அப்பா வீட்டுலயே படுத்திருந்தாக்கூட நெலம் போயிருக்காதும்மா" என்றாள். வாசல் கட்டிலில் படுத்திருந்த நீங்கள், "ஆத்தாளும் மவளும் என்ன குசுகுசுங்கிறீங்க?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்லங்க, கரண்டு பில்லு" என்றேன். அடுத்த மாசம் போய்விட்டீர்கள்.

சொல்லியிருந்தால் முதலில் உங்கள் காலைப் பார்த்திருப்பீர்கள், பிறகு என்னைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தைரியம் இல்லை எனக்கு. கோபமும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஏஜெண்டுக்கும் சங்கத்துக்காரருக்கும் அந்த அதிகாரிக்கும் நான் கண்ணில் படவில்லை, போகட்டும். உங்களுக்குமா? கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் அந்த வயலில் நட்டது யார், களை பறித்தது யார், அறுத்தது யார்? என் பெண்டாட்டி தினமும் நிற்கிறாளே என்று உங்கள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. என் புத்திக்கும் எட்டவில்லை. உங்களைத் தூக்கி நிறுத்தினால்தான் நிலம் நிற்கும் என்று நானே உங்கள் காலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வயதாகி எல்லாம் மறந்துபோகிறது என்கிறார்கள். எனக்கு இது ஒன்று மறக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் விழுந்துகிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கையில் நாற்றோடு, முழங்கால் சேற்றில் நான் நின்றேன். அந்தச் சட்டத்துக்கு நான் ஒருத்தி போதுமாக இருந்தேன்.