மூன்று விநாடிச் சிரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

எட்டு நிறுத்தங்களை மூடுவதற்கு அறிக்கை எழுதினேன். 'பயணிகளின் வசதி கருதி' என்று தொடங்கினேன். எதை மூடினாலும் அப்படித்தான் தொடங்குவது. பதினாறு வருடமாக இந்தப் பேருந்து நிறுவனத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி நான். பயணிகளின் வசதியை என் அளவுக்குக் கருதியவர் யாரும் இருக்க முடியாது.

மாலையில் சேர்மன் அறையில் காபி. ஏழெட்டு பேர் இருந்தோம். நல்ல மனநிலையில் இருந்தார்.

மார்ச் 5, புதன்

சேர்மனுக்குத் தட்டச்சு வராது. எதையும் போனில் குரல் செய்தியாகப் பேசித்தான் அனுப்புவார். நேற்று காபி வேளையில் இயக்குநர்கள் நால்வருக்குப் போக வேண்டியதை, ஓட்டுநர்கள் ஆயிரத்து நானூறு பேர் இருக்கும் பணி அறிவிப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

பதினொரு விநாடிப் பேச்சு: "அக்கரைக்காரனுங்களை ராத்திரி வண்டிக்குப் போடாதீங்கய்யா. லைட்டை அணைச்சா, டிரைவர் இல்லாம வண்டி ஓடுதுன்னு ஜனங்க குதிச்சிடப் போறாங்க."

பிறகு மூன்று விநாடிச் சிரிப்பு. கடைசியில் விக்கல்போல ஓர் இழுப்பு.

எங்கள் ஓட்டுநர்களில் பாதிப் பேர் கடல் தாண்டி வந்த அக்கரைக்காரர்கள். அவர்களில் ஒருவர் என் மகளின் கணவர்.

சிரிப்பு என்னுடையது.

மார்ச் 6, வியாழன்

மன்னிப்பு அறிக்கை. காலையிலிருந்து பதினான்கு வரைவு.

"'மனம் புண்பட்டிருந்தால்'னு போடுய்யா" என்றார் சேர்மன். "ஒருவேளை புண்படாம இருந்தா? அப்புறம் நாம வீணா மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆயிடும்."

"சரி சார்."

"என் கார் டிரைவரே அக்கரைதான். ஒன்பது வருஷமா என்கூட இருக்கான். அதையும் சேரு."

"அவர் பேரையும் போட்டா நல்லாருக்கும் சார்."

கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். "டிரைவர்னே போடு" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு வண்டியும் நகரவில்லை. சங்கத்தின் அறிக்கை இரண்டே வரி: 'இருட்டில் எங்களைத் தெரியாது என்று சேர்மனே சொல்லியிருக்கிறார். நாங்கள் வண்டியில்தான் இருக்கிறோம், தேடிப் பார்த்துக்கொள்ளவும்.'

என்னைவிடக் கெட்டிக்காரன் எவனோ அங்கே உட்கார்ந்து எழுதுகிறான். தொழில்முறைப் பொறாமை வந்தது. வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மகள் போன் செய்தாள். உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்று வழக்கமான பேச்சு. பிறகு போனை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

"மாமா, அந்த ரூம்ல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் மாப்பிள்ளை. ஜன்னல் பக்கம் நின்னுட்டிருந்தேன். சரியாக் காதுல விழலை."

"சிரிச்சது யாரு மாமா?"

"கவனிக்கலையே."

"சரி மாமா."

அந்த 'சரி' எத்தனை நேரமாகக் காதில் நிற்கிறது!

மார்ச் 11, செவ்வாய்

சேர்மன் பதவி விலகினார். நகராட்சி எங்கள் உரிமத்தை நிறுத்துவதாக மிரட்டியதும் உடனே உடல்நிலை சரியில்லாமல் போய்விட்டது. மாலையில் கௌரவ ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அதே அறை, அதே நாற்காலி. கதவிலிருந்த பலகையை மாற்றத் தச்சருக்கு இருபது நிமிடம் ஆனது. பொதுவாழ்வில் ஒருவர் அடைந்த வீழ்ச்சியை நேரில் நின்று பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஊருக்கு அது போதவில்லை. 'பேசியவர் போய்விட்டார், சிரித்தவர் எங்கே?' என்று பத்திரிகைகள் கேட்கின்றன. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரணைக்குப் போட்டிருக்கிறார்கள். அறையில் இருந்த அதிகாரிகள் எல்லோருமே அப்போது ஜன்னல் பக்கம் நின்றதாகச் சொன்னோம். அந்த அறையில் இருப்பது ஒரே ஜன்னல். அகலம் இரண்டடி.

சேர்மன் சொன்னதுதான் உச்சம்: "யார் சிரிச்சாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? நான் பேசினா எல்லாருமே சிரிப்பாங்களே."

மார்ச் 17, திங்கள்

சிரிப்புப் பரிசோதனை. குரல் நிபுணர் ஒருவர் கருவியோடு வந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொன்னார். கணக்கு மேலாளர் இருமினார். சட்ட அதிகாரி, தன் உரிமைகள் பாதிக்கப்படாமல் சிரிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். நான் 'ஹா ஹா' என்று இரண்டு முறை, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலச் சிரித்தேன். அன்று காபி கொண்டுவந்த பியூனையும் விடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பியூன்தானாம். எழுபத்தொரு சதவீதப் பொருத்தமாம். பணியிடை நீக்கம்.

படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நான் வாய்விட்டுச் சிரிக்கவே மாட்டேன் சார். பல்செட்டு. கழண்டு விழுந்துடும். கப்பை வச்சுட்டு அப்பவே வெளிய வந்துட்டேன். நீங்க பாத்திருப்பீங்களே?"

ஜன்னல் பக்கம் நின்றேன் என்றேன். அவரிடமும்.

இருபத்தாறு வருட வேலை. ஊரில் அவர் பேரைச் சொல்லித் துப்புகிறார்கள். என்ன மனுஷன் நான்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?

மார்ச் 20, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 24, திங்கள்

நீதிபதியிடம் போய், "அது நான்தான்" என்றேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை. அறிக்கை அச்சுக்குப் போயிருந்தது. "நிபுணர் வேற ஆளைச் சொல்றாரே. பியூன் மேல இரக்கப்பட்டு வந்திருக்கீங்க. நல்ல மனசு. வீட்டுக்குப் போங்க."

"இல்லைங்க, நிஜமாவே நான்தான்."

"அப்படின்னா சிரிச்சுக் காட்டுங்க."

முடியவில்லை. உதவியாக இருக்கட்டுமென்று பதிவைப் போட்டார்கள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு மட்டும் எப்படி உடனே விளங்கியது?

வேறு சாட்சி இருந்தால் கொண்டுவரச் சொன்னார். என் சிரிப்பு பதிவாகியிருப்பது உலகத்தில் ஒரே இடத்தில்தான். மகள் கல்யாண வீடியோவில்.

மார்ச் 25, செவ்வாய்

மகள் வீட்டுக்குப் போனேன். வீடியோ வேண்டும் என்றேன்.

"எதுக்குப்பா?"

சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று தயாராக வந்திருந்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தக்கூட இல்லை. "அந்தக் கடைசி விக்கல் யாருதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? முதல் நாளே தெரியும்."

மாப்பிள்ளை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். நான் கேட்காமலே ஓட்டி, சரியான இடத்தில் நிறுத்தினார். மாலையோடு அவர், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறேன். மூன்று விநாடிக்கும் மேலேயே இருக்கும்.

"நான் சொன்ன ஜோக்குக்குத்தான் அன்னைக்குச் சிரிச்சீங்க மாமா" என்றார். "என்ன ஜோக்குன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை.

மார்ச் 28, வெள்ளி

தொண்ணூற்றாறு சதவீதம். பியூன் வேலைக்குத் திரும்பினார். என் நீக்க அறிவிப்பை எழுத வேறு ஆள் இல்லாததால் நானே எழுதிக் கொடுத்தேன். 'பயணிகளின் வசதி கருதி' என்று தொடங்கினேன். முதல் முறையாக அது உண்மையாகவும் இருந்திருக்கும். அடித்துவிட்டு, 'சிரித்ததற்காக' என்று போட்டேன்.

கௌரவ ஆலோசகர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். இம்முறை எனக்கு மட்டும், சரியாக. "நமக்குள்ள இருந்திருக்க வேண்டியதுய்யா இது. மனசுல வச்சுக்காத."

ஏப்ரல் 29, செவ்வாய்

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. இன்று இரண்டாம் நாள். அலுவலகக் கார் இல்லாததால் பேருந்து. நல்ல கூட்டம். முட்டி மோதி ஏறி நிமிர்ந்தால், ஓட்டுநர் இருக்கையில் மாப்பிள்ளை.

பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றார். எனக்குப் பின்னால் ஏறியவர்களிடமும் அதையேதான் சொன்னார், அதே குரலில். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் 'மாமா' சேர்க்காமல் பேசியது இதுதான் முதல்.

உள்ளே போனேன்.