அம்மா படம் திக்கியது ஏன்

அண்ணா,

சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுக் கங்கவ்வாவிடம் கொடு.

நேற்று டிவியில் போட்ட அம்மா வீடியோ படம் ஏன் திக்கித் திக்கி ஓடியது என்று கண்டுபிடித்துவிட்டேன். டிஸ்க் மேல் தப்பில்லை. உன் அமெரிக்கக் கேமரா நொடிக்கு முப்பது படம் எடுக்கிறது, என்னுடையது இருபத்தைந்து. இரண்டையும் அப்படியே ஒட்டி டிவிடியாக மாற்றியதால் நீ எடுத்த பகுதி மட்டும் தடுக்கியது. இப்போது உன்னுடையதை முதலில் இருபத்தைந்துக்கு மாற்றி, பிறகு ஒட்டினேன். சீராக ஓடுகிறது. புது டிஸ்க் டிவி மேல் இருக்கிறது. நாலு மணிக்குத் தார்வாடிலிருந்து மாமா வருவார், அவரிடம் கொடு.

நேற்று திதிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "ஒரு டிவிடிகூட உருப்படியா போடத் தெரியாதா? இத்தனை வருஷமா வீட்ல உக்காந்து என்னதான் பண்ணினே?" என்று கேட்டாய். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தேன், அண்ணா. ஆறு வருஷம்.

வசுமதி

பி.கு. நீ எடுத்தது மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அதை வெட்டி எறியத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அதில்தான் அம்மா சிரிக்கிறாள். நான் எடுத்த இரண்டு மணி நேரத்தில் ஓரிடத்திலும் சிரிக்கவில்லை.