வாயைப் பொத்திய வள்ளம்

மச்சான்,

உங்கள் கயிறு முற்றத்து வேலியில் காய்கிறது. தேங்காய் நாரும் உப்பும் சேர்ந்து வெயிலில் சுண்டும்போது வருகிற அந்த வாடை நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் இல்லாமல் இருந்தது. இன்று அது திரும்பி வந்ததும் அக்கா அடுக்களையிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அழுகைச் சத்தம் கேட்காதவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் முகத்தைக் காட்டவில்லை.

கயிற்றின் ஒரு நுனியில், பாய்மரத் துணி சுற்றித் தைத்த வளையம் இருக்கிறது. நீங்கள் தைத்தது. அதைப் பற்றி உங்களோடு எனக்கு ஒரு சண்டை மிச்சம் இருக்கிறது.

ஏழு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கழுத்து பின்பக்கம் வளைந்து வில் மாதிரி விறைத்துக் கிடந்தேனாம். தர்ம ஆஸ்பத்திரியில் பார்த்தவர், பிழைத்துக்கொண்டால் மறுபடி கொண்டுவா என்று அம்மாவைத் திருப்பி அனுப்பினாராம். துரைமார் வீட்டுப் பிள்ளைக்குத் தும்மல் வந்தால் வண்டி கட்டிக்கொண்டு ஓடுகிறவர் அவர். நான் பிழைத்துக்கொண்டேன். இரண்டு காதும் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டும் திரும்பாததற்குத் திமிர் என்று பெயர் வைத்து வாத்தியார் அடித்தார். அடி விழுந்த பிறகுதான் அவர் கூப்பிட்டார் என்பதே எனக்குத் தெரியும். தெருவில் இதை மாதா கொடுத்த தண்டனை என்றார்கள். ஏழு வயதுப் பையன் மாதாவுக்கு என்ன கெடுதல் செய்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கண்ணை மூடினால் தரை என்னை விட்டு நழுவும். இருட்டில் சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன். அதற்கும் மேலே ஒன்று. நடுநடுவே ஏதோ அறுந்துபோகும். எதிரே இருப்பவர் பேசத் தொடங்குவார்; அடுத்து நான் பார்க்கும்போது அவர் பேசி முடித்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் இருந்தது எங்கே போயிற்று என்று தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை.

நீங்கள் அக்காவைக் கட்டிய வருஷம் உலக யுத்தம் முடிந்திருந்தது. சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கடற்கரையின் வழக்கம். கூடப் பிறந்தவளின் தாலி அறுவதை எவனும் பொறுக்கமாட்டான், அதனால் அந்தக் கை தூங்காது என்று கணக்கு. அக்காவுக்கு இருந்த ஒரே தம்பி நான். என்னைக் கூட்டிக்கொண்டு நீங்கள் கரைக்கு வந்தபோது வள்ளத்துக்காரர்கள் பேசியதை அவர்கள் உதட்டிலிருந்து படித்தேன்.

"செவிட்டுப் பய கையில உசுரக் குடுக்கானே, இவனுக்குப் புத்தி பிசகிட்டா?"

நீங்கள் சிரித்தீர்கள். "ஏலே, தண்ணிக்கடியில இருந்து நான் என்ன பாட்டா படிக்கப் போறேன், இவனுக்குக் காது கேக்க? கயிறு கையிலதாம்லே பேசும்."

ஊரில் என் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து பேசிய முதல் ஆள் நீங்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. என்னிடம் நல்லபடியாகப் பேசுகிறவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்றுதான் அதுவரை நான் கற்றிருந்தேன். வேறு மைத்துனன் இல்லாத குறைக்கு என்னைப் பிடித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஆனாலும் முதல் வருஷம் முழுக்க என் கை தவறவில்லை. தண்ணீருக்குள் அமிழ்த்தும் கல்லோடு நீங்கள் இறங்குவீர்கள். நான் கல்லை மேலே இழுத்துவிட்டு உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் கயிறு சுண்டும். இழுப்பேன். மடியில் சங்கோடு மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "எத்தன?" என்று உதட்டை மட்டும் அசைப்பீர்கள். "ஐம்பத்தேழு" என்பேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் விடியுமுன் எழுந்து வந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் அந்த நாள் வந்தது. நாலாவது முறை நீங்கள் இறங்கினீர்கள். தண்ணீரில் கண்ணாடிக் குடை மாதிரி ஒரு சொறிமீன் மிதந்து போனதைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தபோது வள்ளத்தின் அடியில் மல்லாந்து கிடந்தேன். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. என் மேல் குனிந்திருந்த உங்கள் மூக்கிலிருந்து ரத்தம் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அலை அடிச்சிட்டு மாப்ள. வழுக்கி விழுந்துட்ட."

கடல் அன்று எண்ணெய் மாதிரிக் கிடந்தது. எந்த அலை? நான் இழுக்கத் தவறினேன், நீங்களே மேலே ஏறி வந்து என்னை அறைந்து தள்ளியிருக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாளிலிருந்து வள்ளத்தில் எல்லோரும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பேசினார்கள். தண்டலிடம், முதலாளியான சம்மாட்டிக்காக வள்ளத்தை நடத்துகிற அந்தக் கிழவரிடம், ஏன் என்று கேட்டேன். துண்டை இறக்கி, "வாடக்காத்துலே, பல்லு கூசுது" என்றார். அவர் வாயில் இருந்ததே நாலு பல். அன்றைக்கே நீங்கள் இந்த வளையத்தைத் தைத்துக் கொண்டுவந்து என் இடுப்பில் மாட்டினீர்கள். நான் கயிற்றை விட்டாலும் கயிறு உங்களை விடாது என்பதற்கான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. பக்கத்து வள்ளத்தில் ஒருவன் சொன்னான்: "மச்சினன முளையில கட்டில்லா வச்சிருக்கான்!" அவன் வாயைப் பொத்தவில்லை.

அதன் பிறகு நீங்கள் "எத்தன?" என்று கேட்டால் நான் கடலைப் பார்த்தேன். பொழுதெல்லாம் உங்கள் உதடுகளைக் காவல் காத்தேன். நீங்கள் அக்காவோடு பேசும்போது கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள். கடைசி நாள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். உதடு வறண்டு ஒட்டியிருந்தது. என்னால் படிக்க முடியவில்லை. படிக்க முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், செவிடன் கயிற்றை இழுக்காமல் விட்ட அன்றைக்கே உங்கள் நெஞ்சு கெட்டுப்போயிற்று என்று பேசிக்கொண்டதை மட்டும் தெளிவாகப் படித்தேன்.

போன வாரம் தண்டல் வந்தார். என் தங்கச்சியைக் கட்டப்போகிறவனும் கூட வந்தான். மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது.

"இவன் இந்த வருசச் சங்கு குளிப்புக்கு எறங்குதான். நீதாம்லே கயிறு பிடிக்கணும், மொறை அதானே" என்றார் தண்டல்.

அக்கா உங்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். வளையத்தைக் கண்டதும் எனக்கு வந்ததே கோபம். "இது வேண்டாம்! மாட்டைக் கட்டுதாப்ல இனி எவனும் என்னயக் கட்டப்படாது!" வேலியோரக் கோழிகள் சிதறி ஓடியதைப் பார்த்துத்தான் கத்திவிட்டேன் என்று தெரிந்தது.

தண்டல் துண்டை வாய்க்குக் கொண்டுபோய் அக்காவிடம் எதையோ சொன்னார். அக்கா அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தாள், மச்சான். ஒரு பெரிய மனிதரின் துண்டை.

"அவனப் பாத்துச் சொல்லுங்க. அவுகதான் போயிட்டாவளே, இனி யாருக்காவ மறைக்கிய?"

கிழவர் வெறும் வாயோடு என்னைப் பார்த்துத் திரும்பினார். "அன்னைக்கு அலையும் இல்ல, ஒண்ணும் இல்லலே. நீ கண்ணத் தொறந்துக்கிட்டே சாஞ்சு தண்ணிக்குள்ள போயிட்ட. கத்துனோம், ஒனக்கு எங்கன கேக்கும்? நாங்க குதிக்க முன்ன அவன் வந்துட்டான். அடியில கயிறு தொய்ஞ்சதும் மூச்சப் புடிச்சு ஏறி, ஒன்னத் தூக்கிக்கிட்டு வந்தான். கயித்த நீ அப்பவும் விடல. சம்மாட்டிக்குத் தெரிஞ்சா எந்த வள்ளத்துலயும் ஒன்ன ஏத்தமாட்டாவன்னு எங்க எல்லார்ட்டயும் சிலுவ மேல சத்தியம் வாங்குனான். ஒனக்கும் தெரியப்படாதுன்னான். நீதான் வாயப் பாத்தே படிச்சிருவியே. அதான் துண்டு."

அப்படியானால் வளையம் என் இடுப்புக்குத்தான். மறுபடி நான் விழுந்தால் என்னை இழுத்தெடுக்க.

அக்கா இதை அன்பு என்கிறாள். இருக்கலாம். எனக்குக் கோபம் தீரவில்லை. ஒரு வள்ளம் முழுக்க என் உடம்பை அறிந்திருந்தது, என்னைத் தவிர. வாத்தியார் என்னைக் கேட்காமல் அடித்தார். நீங்கள் என்னைக் கேட்காமல் காப்பாற்றினீர்கள். இரண்டிலும் எனக்குப் பேச்சில்லை. அறுந்துபோகிற தலையை வைத்துக்கொண்டு உங்கள் மூச்சைக் கையில் பிடித்திருந்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கயிற்றை வைத்துவிட்டுக் கரையேறியிருப்பேன். அதற்குப் பயந்தா மறைத்தீர்கள்? என்னை நம்பினீர்களா, அல்லது மைத்துனன் கை என்ற வழக்கத்தை நம்பினீர்களா? இதற்கு நீங்கள் பதில் சொல்லப்போவதில்லை. சந்தேகம் என்னோடுதான் இருக்கும்.

நானும் யோக்கியன் இல்லை. அறுந்துபோவதை முதல் வருஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த "எத்தன?" போய்விடும் என்று மறைத்தேன். அக்காவின் தாலியை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கடலில் தொங்கவிட்டோம்.

அன்று முற்றத்தில், தங்கச்சிக்கு வரப்போகிறவனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். காது, இருட்டு, அறுந்துபோவது. தெருவே கேட்டிருக்கும், கேட்கட்டும். கயிறு பிடிக்கமாட்டேன், வேறு ஆள் பார் என்றேன்.

தண்டலுக்குப் பொறுக்கவில்லை. "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லாலே?"

"வழக்கத்துக்கு வலிப்பு வராது. எனக்கு வரும்."

தங்கச்சிக்கு வரப்போகிறவன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றான். பிறகு வாயை நன்றாகத் திறந்து, "அப்பம் துடுப்புக்கு வாரியளா?" என்று கேட்டான்.

இன்றுதான் முதல் நாள். போனேன். சம்மாட்டியின் கண்ணெதிரே வளையத்தை நானே எடுத்து இடுப்பில் மாட்டி, மறுநுனியைப் பாய்மரத்தில் கட்டினேன். அவர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். முகத்தைச் சுளித்தார். நாளைக்கு ஏற்றிக்கொள்வாரா என்று தெரியாது.

தங்கச்சிக்கு வரப்போகிறவனுக்குக் கயிறு பிடித்தவன் அவனுடைய கூட்டாளி. இரண்டு காதும் கேட்கிறவன். அவன் கையை நான் நம்பவில்லை. துடுப்பைக் கிடத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டில் கயிறு லேசாகச் சுண்டியது. அவன் பக்கத்து வள்ளத்துக்காரனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். இழுத்தான்.

மேலே வந்தவன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினான். "எத்தன?" என்று அவன் கேட்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன், மச்சான். உங்களுக்குத்தான் சொன்னேன்.

"நாற்பத்திரண்டு."