முற்றாத முன்மூளையும் மூன்றாம் கதவும்

பழுகாமம்,
14.07.2025

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. நான், அம்மா, தங்கச்சி கஜானி, பசு, அதன் கன்று எல்லோரும் இங்கே சுகம், அந்தக் கட்டார் வெயிலில் உனக்கு ஒரு குறையும் வராமல் எங்கள் திரௌபதை அம்மன் பார்த்துக்கொள்வா. போன் இருக்க இந்த மனிதன் ஏன் கடதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய், காரணம் நீதான். போன மாதம் நீ தங்கச்சியின் குணத்தைப் பற்றி வாட்சப்பில் பேசி அனுப்பியதை நான் சோற்றுக்கோப்பையோடு இருந்து சத்தமாகப் போட்டுக் கேட்டேன், கஜானியும் கேட்டுவிட்டாள், அன்றோடு இந்த வீட்டில் என் ஆட்சி முடிந்தது. ஆகவே இனி உன்னோடு கடதாசிதான். காத்தான்குடி பஹ்மி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார், அம்மா இடித்த மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன், தும்மிக்கொண்டு வாசி.

நீ சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் மூளையில் ஆசையும் ஆத்திரமும் வருகிற பகுதி முந்தி வளர்ந்துவிடும், பொறு, யோசி என்று மறிக்கிற முன்பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முற்றும், அதுவும் கூட்டாளிமார் பக்கத்தில் நின்றால் சொல்லி வேலையில்லை என்றாய். வட்டை வயல்களுக்குத் தண்ணீர் பிரிக்கிற வட்டவிதானை எனக்கு அது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, கதவு இன்னும் பொருத்தவில்லை என்கிற மாதிரி. அதெல்லாம் சரிதான், ஆனால் அதை அவள் கேட்டிருக்கக் கூடாது. கோப்பையைக் கழுவு என்றால் என்ட முன்மூள இன்னும் முத்தல்லயே அப்பா, மறுகா பாப்பம் என்கிறாள். சனிக்கிழமை பத்து மணிவரை படுக்கிறாள், கேட்டால் இந்த வயதில் நித்திரை பிந்தித்தான் வருமாம், அக்கா சொன்னதாம். அம்மாவிடம் முறையிட்டால், உங்களுக்கும் அது முத்தின மாதிரித் தெரியல்லயே என்கிறா.

இப்போது முக்கிய விசயத்துக்கு வருகிறேன். இந்தச் சிறுபோக வேளாண்மைக்குத் தண்ணீர் மட்டு, எங்கள் வட்டையில் வயலுக்கு வயல் முறை வைத்துத்தான் விடுகிறோம், வாய்க்கால் கதவுகளின் பூட்டுத் திறப்பு என்னிடம். முறை தவறித் திறந்தவர் யாராக இருந்தாலும் கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டு மூன்று நாள் வாய்க்கால் துப்புரவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். போன வருடம் எழுபத்தொரு வயதுக் கந்தப்போடி அண்ணரையே அந்தச் சட்டத்தில் மண்வெட்டியோடு இறக்கினேன், அவர் அதை மறக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை டியூசனில் வைத்துப் புஸ்பத்தின் மகள் தங்கள் வயல் தண்ணீர் இல்லாமல் மஞ்சளாகிறது என்று அழுதிருக்கிறாள், புஸ்பம் தனியாளாகக் கடைசி வயலைச் செய்கிறவ, உனக்குத் தெரியும். கஜானி தனியே இருந்திருந்தால் என்னிடம் வந்து கேட்டிருப்பாள். கூட மூன்று கூட்டாளிமார் நின்றதால் நேரே வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டாள். திறந்ததாவது சரியான கதவா என்றால் அதுவுமில்லை. புஸ்பத்தின் வயலுக்கு நாலாம் கதவு, இவள் திறந்தது மூன்றாம் கதவு, புஸ்பத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை. அன்று காலைதான் கந்தப்போடி அண்ணர் யூரியா எறிந்திருந்தார், தண்ணீர் அவர் வயலில் ஏறி யூரியா முழுவதும் ஆற்றோடு போய்விட்டது.

நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அவள் முன்மூளைக் கதை சொல்லவில்லை, அழுதுகொண்டு அறைக்குள் போய்விட்டாள். நாலு நாள் நாங்கள் பேசவில்லை. முற்றத்தில் எதிர்ப்பட்டால் நான் மாட்டைப் பார்ப்பேன், அவள் கிணற்றைப் பார்ப்பாள், நடுவில் அம்மா இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வா.

ஞாயிற்றுக்கிழமை வட்டைக் கூட்டம். கந்தப்போடி அண்ணர் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் இருந்தார். சொந்த மகளென்றும் பாராமல் தீர்ப்புச் சொல்வதென்றுதான் நான் போனேன், ஆனால் அவள் அம்மாவுக்குப் பின்னால் முகம் வெளிறி நின்றதைக் கண்டதும் என் வாய் என் சொல் கேட்கவில்லை. எழுந்து நின்று முன்மூளையைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்துவிட்டேன். பிழை பிள்ளையில் இல்லை, மூளையில் இருக்கிறது, கட்டாரில் பெரிய ஆசுபத்திரியில் தாதியாக இருக்கிற என் மகளே சொன்னவள் என்று உன்னையும் சாட்சிக்கு இழுத்தேன். உடனே புஸ்பம், அப்ப இருவத்தஞ்சு வயசுக்குள்ள உள்ள எல்லாரும் கதவத் திறக்கலாமா என்று கேட்டா, பின்னால் நின்ற பெடியன்மார் கைதட்டினார்கள். கந்தப்போடி அண்ணர் அவசரமில்லாமல் ஆறுதலாக எழுந்து, என்ட முன்மூள முத்தினதெண்டு ஆரு பாத்த, அப்ப போன வருசம் நான் வெட்டின வாய்க்காலுக்கு என்ன கணக்கு என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பன்னிரண்டு வருடமாகக் காப்பாற்றிய என் வட்டவிதானை மரியாதை அவருடைய யூரியாவுக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் கஜானி முன்னால் வந்தாள். அப்பா நீங்க இரிங்க என்றாள், நானும் இருந்துவிட்டேன். ஆணியில இருந்து திறப்ப எடுக்கக்குள்ளயே பிழையெண்டு எனக்குத் தெரியும், கூட்டாளிமார் பாத்துக்கொண்டு நிண்டதால நிப்பாட்ட ஏலாமப் போயிற்று, மூண்டு நாளும் நான் வாய்க்கால் வெட்டுறன், கந்தப்போடிப் பெரியப்பாட வயலுக்குத் திரும்பப் பசளை எறியவும் வாறன், ஆனா புஸ்பம் மாமிக்கு ஒரு முறை கூட்டிக் குடுங்க என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கந்தப்போடி அண்ணர்தான், சாமித்தம்பி, அடுத்த வருசம் உன்ன விட்டுப்போட்டு இவள வட்டவிதானையாப் போடுவம் என்றார். புஸ்பத்துக்கு ஒரு முறை கூடுதலாகக் கொடுத்தோம்.

இன்று முதலாம் நாள். நானும் ஒரு மண்வெட்டியோடு கூடப் போனேன், கந்தப்போடி அண்ணர் வரம்பில் கதிரை போட்டு இருந்துகொண்டு, நாங்கள் வெட்டாமல் விட்ட புல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வாய்க்காலுக்குள் நின்றபடி கஜானி கேட்டாள், அக்கா கட்டாருக்குப் போகக்குள்ள அக்காட முன்மூளையும் முத்தல்லதானே அப்பா என்று. எனக்கு மண்வெட்டி ஓடவில்லை. எங்களிடம் ஒரு சொல் கேட்காமல் ஏஜென்சியில் கையெழுத்து வைத்துவிட்டுப் பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதானே சொன்னாய், அப்போது உனக்கு இருபத்துமூன்று, நீ சொன்ன கணக்குப்படி இன்னும் இரண்டு வருடம் குறை. நீ போய் மூன்று மாதம் நான் உன்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எடுப்பாய், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாட்டடிக்குப் போய்விடுவேன். அங்கே நின்று உன் குரல் கேட்கிறதா என்று காது கொடுப்பேன், அதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, மகள். உனக்கென்றால் ஒரு சாட்டு இருந்தது, எனக்கு ஒன்றுமில்லை. அந்த மூன்று மாதத்துக்கும் அப்பாவை மன்னித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வந்தால் போனை நோண்டாமல் படு. அம்மன் உன்னை நல்லாக வைத்திருப்பா, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மறக்காதே, இதை வாசித்தபின் கையைக் கழுவாமல் கண்ணைத் துடைக்காதே, கடதாசியில் மிளகாய்த்தூள் இருக்கும். இன்னும் பார்சல் கட்டவே இல்லை, எனக்கு இப்போதே எரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
வட்டவிதானை சாமித்தம்பி
(அடுத்த கூட்டம் வரை)