பழுதென்று அழித்த கோப்புகள்

2013 மார்ச் 12, செவ்வாய்

குலம் அண்ணை இவ்வளவு காலமும் திருட்டு விண்டோஸில்தான் கடை நடத்தினார். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாஷப்பலில், அகதி வழக்குகளுக்கு வாக்குமூலம் தட்டச்சு செய்யும் கடை. காலையில் அதை நீக்கி அவருடைய கணினியில் இலவச லினக்ஸ் ஏற்றினேன். எழுத்துகள் குழம்பித் தெரிந்த பழைய கோப்புகளைப் பழுதென்று அழித்தேன். அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் என்பதும், அந்த எழுத்துரு லினக்ஸில் இல்லாததால்தான் குழம்பித் தெரிந்தன என்பதும் பின்னர்தான் புரிந்தது. வேறு பிரதி இல்லை.

மாலையில் தன் அகதி வழக்கின் மேன்முறையீட்டு வாக்குமூலத்தை வாங்க மேரி அக்கா வந்தார். நான் அழித்தவற்றில் அதுவும் ஒன்று.

"இஞ்சை அரசாங்கமே லினக்ஸுக்கு மாறுது எண்டு பெரிசாப் பீத்தினியே, இப்ப அவவுக்குப் பதில் சொல்லு," என்றார் அண்ணை.

மாறுவது சரிதான் என்றே இப்போதும் நினைக்கிறேன். அப்படியென்றால் நான் செய்தது என்ன?

"திரும்பச் சொல்லுங்கோ அக்கா, நான் அடிச்சுத் தாறன்," என்றேன்.

"முகாமில நடந்ததை ஒருக்காச் சொல்லவே ரெண்டு மாசம் எடுத்தது. இனி என்னால ஏலாது. நான் சொன்னதை எடுத்துத் தாங்கோ தம்பி."