நீலமாகிப்போன தங்கக் கரைசல்

8 ஜூலை 1963, திங்கள்

விடியலிலிருந்து மழை. லேபுக்குள் பூஞ்சை வாடை. தங்கக் கரைசல் மூன்றாம் முறை காய்ச்சியாச்சு. சிவப்பாக நிற்க வேண்டியது. ஆறுவதற்குள் ஊதா, அப்புறம் நீலம், அடியில் கருப்பு வண்டல்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். என் கை சுத்தமில்லையாம். நர்சுகள் முன்னால் சொல்கிறார். பதினோரு வருஷ சர்வீஸ்.

போன வாரம் அந்தோணிக்கு முதுகுத்தண்டு நீர் பார்த்ததும் இப்படிக் கெட்ட கரைசலில்தான். ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், கை நடுக்கம் என்று அட்மிட் ஆனவர். அவர் நீர் சேர்க்காத குழாய்கூட நிறம் மாறியது. அப்போதே சொன்னேன். டாக்டர் கேட்காமல் ரிப்போர்ட் எழுதச் சொன்னார். நீர் சேர்த்துச் சிவப்பு மாறினால் கெட்ட வியாதி; அப்படியே முடிவு. அந்தோணியின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெலானிபூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயாச்சாம்.

9, செவ்வாய்

குடுவை, குழாய் எல்லாம் திராவகத்தில் கழுவல். சிட்ரேட், புது பாட்டில். தங்க உப்பும் புதுசு. மறுபடி நீலம்.

மிச்சம் தண்ணீர்தான். டிஸ்டில்டு வாட்டரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. பால்போலக் கலங்கியது. உப்பு.

ஸ்டோரில் போய்க் கேட்டேன். வடிக்கிற மெஷின் மே மாதமே ரிப்பேர். டிஸ்டில்டு வாட்டர் ஜாடியில் அதுமுதல் ஊற்றுவது குழாய்த் தண்ணீர். ஸ்டோர்கீப்பர் சிரிக்கிறார். "பானி தோ பானி ஹை, தீதி." எந்தத் தண்ணீரானாலும் தண்ணீர்தானாம்.

10, புதன்

மழை விடவில்லை. கண்ணாடிக் குடுவையில் நானே இரண்டு முறை தண்ணீர் வடித்தேன். சாப்பாடு இல்லை. சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டேன், கலங்கவில்லை. கரைசல் நல்ல சிவப்பு. சாயங்காலமும் சிவப்பு.

11, வியாழன்

ஐஸ்பெட்டியில் அந்தோணியின் நீர் கொஞ்சம் இருந்தது. திரும்பப் பார்த்தேன். பத்துக் குழாயும் சிவப்பு. ஒன்றுமில்லை. ரத்தத்திலும் முன்பே ஒன்றுமில்லை.

டாக்டரிடம் போனேன். போன ரிப்போர்ட்டை மாற்றினால் ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடுமாம்.

"அவர் பேர் சார்?" என்றேன்.

ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். புது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவில்லை. நான் போட்டு, அந்தோணி கையிலேயே கொடுத்தேன். நடுங்கும் கையால் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

12, வெள்ளி

காலையில் மெமோ. டாக்டர் ஒப்புதல் இல்லாமல் ரிப்போர்ட் கொடுத்ததற்கு விளக்கம் வேண்டுமாம். ஜாடிக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பத்து மணிக்கு அந்தோணி மனைவி கஞ்சித் தூக்கோடு வந்தாள். வார்டுக்குப் போகிற வழியில் லேப் வாசலில் நின்றாள். நன்றி சொல்வாள் என்று நினைத்துவிட்டேன்.

"மொத ரிப்போர்ட்டும் நீங்க எழுதினதுதானேக்கா?"

ஆமாம் என்றேன்.