லிஃப்டின் கூரைமேல் வந்த மரம்

டிசம்பர் 2, செவ்வாய்

கிறிஸ்மஸ் விருந்து என் தலையில். மேனேஜர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இதை ஒழுங்கா பண்ணிக் காட்டு. வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. சோதனைக் காலம் முடியாத ஒரே ஆள் நான். மாடிக்கும் மாடிக்கும் நடுவே நிற்கிறேன்.

சாப்பிடும்போது அம்மா: "காலை ஆட்டாதே, மேசையே நடுங்குது." நான் ஆட்டவில்லை. அதுவாக ஆடுகிறது.

டிசம்பர் 5

ஆறாம் மாடிக் கூடம் கிடைத்துவிட்டது. கேக், பாட்டு, நாற்காலி, மரம். இலக்கியத்தில் முதுகலை முடித்தவள் பலூன் நிறத்துக்காகக் கூட்டம் போட்டேன். சிவப்பு ஜெயித்தது.

டிசம்பர் 9

விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டபடி தரைத்தளத்துக்குப் போனேன். அங்கேதான் அவசர மேசை. எந்தக் கட்டடத்து லிஃப்டில் யார் சிக்கினாலும் அந்த அழைப்பை எடுப்பவரை எல்லாரும் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வர்றீங்கல்ல அக்கா?"

"லிஃப்டு லீவு போடுமா? வருஷா வருஷம் மேல பாட்டு, கீழ நான். கேக்கு மட்டும் படியிறங்கி வரும், கிரீமெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிப் போய்."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் குழந்தை ஏசுவின் படம். அப்போதுதான் உறைத்தது. இந்தக் கட்டடத்தில் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவர் இவர் ஒருவர்தான். அந்த விருந்தைப் பார்க்காதவரும் இவர் ஒருவர்தான்.

டிசம்பர் 12

"அன்னைக்கு உங்க இடத்துல நான் உக்கார்றேன்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நீ பேச ஆரம்பிச்சா, உள்ள மாட்டினவன் கதவை உடைச்சிட்டு வெளிய வந்துருவான்."

ஆனாலும் கற்றுத் தருகிறார். முதலில் பேர் கேள். பொய் சொல்லாதே. 'இதோ வந்துட்டாங்க' என்று சொல்லவே சொல்லாதே. லைனில் அழுதவர்களைப் பற்றி வெளியே மூச்சு விடாதே.

டிசம்பர் 15

மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. "விருந்தை நடத்தறவ மேல நிக்கணும். கீழ போய் உக்காந்துட்டா நான் உன்னைப் பத்தி என்னன்னு எழுதறது?"

வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வேன்?

இன்னொன்றும் அரிக்கிறது. இது அக்காவுக்காகவா? கூட்டத்தில் சிரித்துக்கொண்டு நிற்க முடியாமல் ஓடுகிறேனா? இரண்டும்தான் என்று எழுதிப் பார்க்கிறேன். நிம்மதியாக இல்லை.

டிசம்பர் 18

மரம் வந்தது. லிஃப்டை விட உயரம். வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் படியில் தூக்கியிருப்பார்கள். நம் ஆட்கள் லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளங்களுக்கு நடுவே, லிஃப்டின் கூரைமேல் அதை நிறுத்தி மேலே கொண்டுபோனார்கள், ஜிகினாவோடு. பெரிய மெக்கானிக் ஊர்வலத்தில் வருவது போலக் கூடவே நின்று வந்தார்.

"ஆபத்தில்லையா அண்ணே?"

"எங்க வீட்டு லிஃப்டும்மா இது. எங்களை என்ன பண்ணும்?"

டிசம்பர் 19, வெள்ளி

போகிறேன். இன்று விருந்து; கீழேதான் உட்காரப் போகிறேன். வருவது வரட்டும்.

டிசம்பர் 20

அக்கா நேற்று மடிப்புக் கலையாத புது உடுப்பில் வந்தார். ஹெட்செட்டைக் கழற்றித் தர மனமே இல்லை. "காதைப் பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். மேலே பாட்டு தொடங்கியது.

அழைப்பு விளக்கு எரிந்தது. பலகையில் எங்கள் கட்டடத்தின் பெயர்.

"பேர் சொல்லுங்க" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நான்தான்." மேனேஜர். தாமதமாக வந்து, தனியாக ஏறியிருக்கிறார். நாலாம் மாடி தாண்டி நின்றுவிட்டது.

அக்காவின் செல்பேசியை அழைத்தேன். பாட்டுச் சத்தத்தில் எடுக்கவில்லை. பெரிய மெக்கானிக்கை அழைத்தேன்; அவர் எடுத்தார். மொத்தக் கூட்டமும் படியில் இறங்கும் சத்தம். ஒரு லிஃப்டுக்கு அத்தனை மெக்கானிக்குகள், ஆளுக்கொரு யோசனை.

"வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல சார். படியில இறங்கிட்டு இருக்காங்க."

"வச்சிடாதே. பேசிக்கிட்டே இரு. எதையாவது பேசு."

பலூன் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நீலம் எப்படித் தோற்றது என்பதை விவரமாக. அவர் அழுதார். நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

மரத்திலிருந்து உதிர்ந்த ஜிகினாச் சரம் ஒன்று கதவுப் பூட்டில் சிக்கியிருந்ததாம். கதவைத் திறந்ததும் மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எவ்வளவு சீக்கிரம் வர்றீங்கன்னு சோதிச்சேன்" என்றாராம். எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள்.

பாட்டு முடிந்து அக்கா கீழே வந்தார். கேக் கிரீம் கலையாமல் இருந்தது. காதோரம் குனிந்து, "உள்ள எப்படி இருந்தாரு? அழுதாரா?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

கேக்கில் பாதியை வெட்டி என் பக்கம் தள்ளினார்.

டிசம்பர் 23

மேனேஜர் படியேறிப் போகிறார். உடம்புக்கு நல்லதாம். என்னைப் பார்ப்பதில்லை. வேறு வேலை தேட ஆரம்பிக்கலாமா?

ஜனவரி 7, புதன்

கூப்பிட்டார். ஜன்னலைப் பார்த்தபடி, "அலுவலக வேலைக்கு நீ சரிப்பட மாட்டே."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றப் போனேன்.

"கீழ அவசர மேசைக்கு ஆள் பத்தல. நிரந்தரமா." இன்னும் ஜன்னலைப் பார்த்தபடியே, "உனக்குச் சம்மதம்னா."

அக்கா தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். "என் பக்கம் வராதே. தண்ணி பாட்டில் என்னுது."

மதியம் முதல் அழைப்பு. ஒரு பெண், கையில் குழந்தையோடு. பேர் கேட்டேன். பேசினோம். கதவு திறந்தது.

ஹெட்செட்டைக் கழற்றும்போது மேசைக்கு அடியில் பார்த்தேன். இரண்டு பாதமும் ஆடாமல் தரையில் இருந்தன.